சமாரியாவின் கன்றுக்குட்டி: ஒரு தலைநகரத்தின் மீதான விக்கிரகக் குற்றச்சாட்டு

1910-ஆம் ஆண்டு சமாரியா மலையில் அகழாய்வு நடத்திய ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழுவுக்கு, பண்டைய இஸ்ரயேல் அரசர்களின் அரண்மனை வளாகத்தில் ஒரு கட்டடத்தின் தரையில் உடைந்த பானை ஓடுகள் கிடைத்தன. ஓடுகளின் மேல் கறுப்பு மையால் எழுதியிருந்தார்கள். வேத வசனமோ வெற்றிப் பிரகடனமோ அவற்றில் இல்லை. எந்த ஊரிலிருந்து யார் பெயருக்கு எத்தனை ஜாடி வந்தது, உள்ளே இருப்பது பழைய திராட்சரசமா அல்லது சுத்திகரித்த எண்ணெயா என்ற கணக்கு மட்டும்தான். பண்டகசாலை எழுத்தர் ஒருவர் அன்றைய வேலையை முடிக்க எழுதி, வேலை முடிந்ததும் மறந்துவிட்ட சீட்டுகள்.

அவற்றில் ஒன்று இப்படிப் போகிறது: பத்தாம் ஆண்டு. கத்தியாவுக்கு. ஆஸா ஊரிலிருந்து. அபிபாகால் 2, ஆகாஸ் 2, சேபா 1, மெரிபாகால் 1.

இந்த ஒரு வரியை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பெறுபவரின் பெயர் இஸ்ரயேலின் கடவுள் யாவேயின் பெயரில் முடிகிறது. தமிழ் வேதாகமம் கர்த்தர் என்று சொல்வது இந்த யாவேயைத்தான். அனுப்பியவர்களாகத் தோன்றும் நால்வரில் இருவரின் பெயருக்குள் கானானியர் வணங்கிய தெய்வம் பாகால் இருக்கிறான். ஒரே சீட்டு, ஒரே மை, ஒரே கை. ஒருவர் கடவுளின் பெயர் இன்னொருவருக்கு உறுத்தியதாக அங்கே எந்த அடையாளமும் இல்லை.

அதே தொகுதியின் வேறோர் ஓட்டில் இன்னொரு பெயர் வருகிறது: எகெல்யாவ். எகெல் என்றால் கன்று. யாவ் என்பது யாவேயின் வடநாட்டு உச்சரிப்பு. யாவேயின் கன்று என்றும் பொருள் கொள்ளலாம், யாவே ஒரு காளை என்றும் பொருள் கொள்ளலாம். எப்படிப் படித்தாலும், பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் ஒரு தாயும் தகப்பனும் பக்தியோடு வைத்த பெயர் இது. ஏறத்தாழ அதே நூற்றாண்டில்தான் ஓசியா என்ற தீர்க்கதரிசி இந்த நகரத்தை நோக்கி, சமாரியாவே, உன் கன்றுக்குட்டி வேண்டாம் என்று தள்ளப்பட்டது, தட்டான் செய்த அது தேவன் அல்ல, அது துண்டு துண்டாய்ப் போகும் என்று முழங்கினார்.

ஒரு பக்கம் குழந்தையின் பெயர், இன்னொரு பக்கம் சாபம். இரண்டும் ஒரே கன்றுக்குட்டியைப் பற்றியவை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளப்பதுதான் இந்த ஆய்வு.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை

விக்கிரகாராதனை என்ற சொல் நம் மண்ணில் சாதாரணச் சொல் அல்ல. கோவிலில் மூர்த்தியின் முன் கைகூப்பி நிற்கும் அண்டை வீட்டுக்காரரை நோக்கி அதை எறிந்தவர்கள் உண்டு. அது எவ்வளவு புண்படுத்தும் என்பதை அறிந்தே எழுதுகிறேன். இஸ்ரயேலின் தீர்க்கதரிசிகள் இந்தக் குற்றச்சாட்டை முதன்மையாகத் தங்கள் சொந்த ஜனத்தின் மேல், தங்கள் சொந்த அரசர்களின் மேல் சுமத்தினார்கள். ஒரே உடன்படிக்கைக்குள் வாழ்ந்தவர்கள் தங்களுக்குள் நடத்திய வழக்கு அது. அந்த எல்லைக்குள்தான் இந்தச் சொல்லை இங்கே பயன்படுத்துகிறேன்.

மலையை வாங்கியவர், நகரைக் கட்டியவர்

தாவீதின் மகன் அரசன் சாலொமோனுக்குப் பிறகு இஸ்ரயேலரின் நாடு இரண்டாக உடைந்தது. தெற்கே யூதா, எருசலேம் அதன் தலைநகர். வடக்கே இஸ்ரயேல்; அதற்கு நிலையான தலைநகர் அமையவில்லை. முதலில் சீகேம், பின்பு திர்சா. அரசனைக் கொன்று அரசனாவது வடக்கே வழக்கமாகிப்போயிருந்தது. சிம்ரி என்பவன் ஏழே நாள் ஆண்டு, அரண்மனையோடு தன்னையும் கொளுத்திக்கொண்டு செத்தான். அவனுக்குப் பின் வந்த படைத்தலைவன் உம்ரி, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேமேர் என்பவரிடமிருந்து ஒரு மலையை இரண்டு தாலந்து வெள்ளிக்கு வாங்கினான். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 70 கிலோ வெள்ளி. சேமேரின் பெயரால் அந்த மலைக்குச் சமாரியா என்று பெயரிட்டான்.

எருசலேமுக்கு இருந்த பழம்பெருமை எதுவும் இந்த மலைக்கு இல்லை. முற்பிதா யாரும் அங்கே பலிபீடம் கட்டவில்லை. உடன்படிக்கைப் பெட்டி அங்கே வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் எழுந்த, ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான நகரம். சுற்றிலும் பள்ளத்தாக்கு, மேற்கே கடற்கரைக்குப் போகும் வழி, கண்ணுக்கெட்டிய தூரம் ஒலிவமும் திராட்சையும். இடத்தேர்வில் உம்ரி கெட்டிக்காரன். அசீரியர்கள் அவன் வம்சம் அழிந்த பிறகும் இஸ்ரயேலை உம்ரியின் வீடு என்றே தங்கள் கல்வெட்டுகளில் எழுதினார்கள். அவன் மகன் ஆகாப் கி.மு. 853-இல் கார்கார் போரில் அசீரிய அரசன் மூன்றாம் சல்மனேசரை எதிர்த்து நின்ற கூட்டணிக்கு 2,000 ரதங்களும் 10,000 வீரர்களும் கொண்டுவந்ததாக அந்த அசீரிய அரசனின் கல்வெட்டே சொல்கிறது. வேதாகமத்தின் ராஜாக்களின் புத்தகமோ உம்ரிக்குச் சில வசனங்களை ஒதுக்கி, முன்னிருந்தவர்களைவிடக் கேடாய் நடந்தான் என்று முடித்துவிடுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வை மறந்துவிடக் கூடாது. நம் கையில் இருக்கும் முக்கிய சாட்சி, எருசலேமின் பார்வையில் நின்று தொகுக்கப்பட்டது. வடநாட்டின் கோவில்களை அது ஆரம்பத்திலிருந்தே போட்டிக் கோவில்களாகத்தான் பார்த்தது. ஆனால் தீர்க்கதரிசிகள் ஆமோசும் ஓசியாவும் வடநாட்டின் செழிப்பான நாட்களிலேயே, அந்தத் தெருக்களிலேயே பேசியவர்கள். ஓசியா வடநாட்டு மனிதர். அவர்கள் சாட்சியத்தை எருசலேமின் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

கன்று எங்கிருந்து வந்தது

கன்றுக்குட்டி சமாரியா நகரத்தைவிட மூத்தது. வடநாட்டின் முதல் அரசன் யெரொபெயாம் அதை இரண்டாகச் செய்தான்: ஒன்று தெற்கு எல்லையில் பெத்தேலில், ஒன்று வடக்கு எல்லையில் தாணில். காரணத்தை ராஜாக்களின் புத்தகம் அவன் மனதுக்குள் புகுந்து சொல்கிறது: ஜனங்கள் பலியிட எருசலேமுக்குப் போய்க்கொண்டிருந்தால், அவர்கள் இருதயம் தாவீதின் வம்சத்துக்குத் திரும்பிவிடும், என்னைக் கொன்றுபோடுவார்கள். ஆகவே, எருசலேமுக்குப் போவது உங்களுக்கு வீண் வருத்தம், எகிப்திலிருந்து உங்களைக் கொண்டுவந்த தெய்வம் இதோ என்று காட்டினான்.

அவன் புதிய தெய்வத்தை அறிமுகம் செய்யவில்லை. எகிப்திலிருந்து கொண்டுவந்தவர் யார் என்பது ஒவ்வொரு இஸ்ரயேலனுக்கும் தெரியும். பழைய கடவுளுக்குப் புதிய முகவரி கொடுத்தான், அவ்வளவுதான்.

காளையும் அந்த மலைநாட்டுக்குப் புதிதல்ல. சிரியாவிலும் கானானிலும் புயல் தெய்வம் காளையின் முதுகில் நிற்பதாகச் செதுக்குவார்கள். சிரியக் கடற்கரையின் பண்டைய நகரமான உகாரித்தின் களிமண் பலகைகளில் ஏல் என்ற மூத்த தெய்வத்துக்கே காளை என்று பட்டம் உண்டு. 1978-இல் சமாரியா மலைநாட்டின் வடபகுதியில், தோத்தானுக்கு அருகே ஒரு குன்றின்மேல், வெண்கலக் காளை ஒன்று கிடைத்தது. சுமார் 18 சென்டிமீட்டர் நீளம், கி.மு. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது கணிப்பு. அதன் புகைப்படத்தைப் பார்க்கும் தமிழருக்குத் திமில்தான் முதலில் கண்ணில் படும். நம் ஊர்க் காளைகளின் இனச்சாயல் கொண்ட, கால் ஊன்றி நிற்கும் சிறு உருவம். யெரொபெயாமுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த மலையில் யாரோ அதன் முன் பணிந்திருக்கிறார்கள்.

பெத்தேலின் கன்று தெய்வமாகவே வணங்கப்பட்டதா, கண்ணுக்குத் தெரியாத தெய்வம் நிற்கும் பீடமாக வைக்கப்பட்டதா என்பது ஆய்வாளர்களிடையே பழைய விவாதம். பீடம் என்பவர்கள், எருசலேம் ஆலயத்திலும் கேருபீன்கள் என்ற சிறகு விரித்த காவல் உருவங்கள் இருந்தனவே, அவற்றுக்கும் கன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கேருபீன்கள் உள்ளறையின் இருளில் இருந்தன, சாதாரண மனிதன் கண் அவற்றின் மேல் படாது என்பது ஒரு பதில். கன்றின் நிலை வேறு. பலியிட வந்தவர்கள் கன்றுகளை முத்தமிட்டார்கள் என்று ஓசியா சொல்கிறார். உதடு உலோகத்தைத் தொடும் அந்தக் கணத்தில், பீடத்துக்கும் தெய்வத்துக்கும் உள்ள வேறுபாடு குருமாரின் பாடத்தில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சமாரியா நகருக்குள்ளேயே ஒரு கன்று நின்றதா? ஓசியா சமாரியாவின் கன்று என்கிறார். நாடு முழுவதையும் தலைநகரின் பெயரால் அழைக்கும் வழக்கம் உண்டு. வேறோர் இடத்தில், சமாரியாவின் குடிகள் பெத்தாவேனின் கன்றுக்காகக் கலங்குவார்கள் என்று அவரே சொல்கிறார். பெத்தேல் என்றால் தேவனின் வீடு. அதைத் திரித்துப் பெத்தாவேன், அக்கிரமத்தின் வீடு என்று அவர் சொல்கிறார். எனவே பெத்தேலில் நின்ற கன்றுக்குத் தலைநகரமே உரிமையாளர் என்று படிப்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆகாப் கட்டிய கோவில்

பொதுவாகச் சமாரியா என்றதும் நினைவுக்கு வருவது ஆகாபும் யேசபேலும்தான். சீதோனியரின் அரசன் ஏத்பாகாலின் மகள் யேசபேல். பெனிக்கியக் கடற்கரையோடு வாணிக உறவு வேண்டியிருந்த அரச குடும்பத்துக்கு இந்தத் திருமணம் ஓர் உடன்படிக்கை. ஆகாப் சமாரியாவில் பாகாலுக்குக் கோவில் கட்டினான், பலிபீடம் எழுப்பினான், அசேரா என்ற பெண்தெய்வத்தின் தூணையும் நிறுத்தினான். யேசபேலின் பந்தியில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேரும் அசேராவின் தீர்க்கதரிசிகள் 400 பேரும் சாப்பிட்டதாகச் சொல்கிறது கதை. யாவேயின் தீர்க்கதரிசிகளை அவள் அழித்தபோது, அரண்மனை விசாரிப்புக்காரன் ஒபதியா 100 பேரைக் குகைகளில் ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினான்.

அந்நிய மனைவி, அந்நியத் தெய்வம், கெட்டுப்போன அரசன். பிரசங்கங்களில் இந்த ஓட்டம் நமக்குப் பழகிப்போனது. ஆனால் ஆகாப் தன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். அகசியா: யாவே பிடித்துக்கொண்டார். யோராம்: யாவே உயர்ந்தவர். பாகாலுக்குக் கோவில் கட்டிய மனிதன், தனக்குப் பின் சிங்காசனம் ஏறப்போகும் மகன்களுக்கு யாவேயின் பெயரைச் சூட்டினான். தான் கடவுளை விட்டுவிட்டதாக ஆகாப் ஒருநாளும் நினைத்திருக்க மாட்டான். ராணியின் தெய்வத்துக்கு ராணியின் ஊர் முறைப்படி ஒரு கோவில். அது மரியாதை, ராஜதந்திரம். போருக்குப் போகுமுன் அவன் ஆலோசனை கேட்டது யாவேயின் பெயரால் பேசிய 400 தீர்க்கதரிசிகளிடம். அவர்கள் எல்லோரும் அவன் கேட்க விரும்பியதையே சொன்னார்கள்; தனியே அழைக்கப்பட்ட தீர்க்கதரிசி மிகாயா மட்டும் மாறிச் சொன்னார்.

யெகூவின் நாள்

இந்த வழக்கில் மிக முக்கியமான ஒரே நாள், படைத்தலைவன் யெகூ ஆகாபின் வம்சத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சமாரியாவுக்குள் நுழைந்த நாட்களில் வருகிறது. கி.மு. 841 வாக்கில்.

யெகூ ஜனங்களைக் கூட்டிச் சொன்னான்: ஆகாப் பாகாலைச் சேவித்தது கொஞ்சம், யெகூ சேவிக்கப்போவது மிகுதி. பாகாலுக்குப் பெரிய பலி ஒன்று இருக்கிறது, வராதவன் உயிரோடிருக்க மாட்டான். தேசமெங்கும் ஆள் போயிற்று. பாகாலைச் சேவித்த எல்லோரும் வந்தார்கள், ஒருவனும் பாக்கியில்லை. கோவில் இந்த முனைமுதல் அந்த முனைவரை நிறைந்தது. வஸ்திரசாலைக்குப் பொறுப்பானவனை அழைத்து, வந்தவர்கள் எல்லோருக்கும் பூசை வஸ்திரம் எடுத்துக் கொடுக்கச் சொன்னான். யாவேயின் ஊழியர் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று நன்றாகத் தேடிப்பாருங்கள் என்றான். வெளியே 80 பேரை நிறுத்தினான். பலி முடிந்தது. கை காட்டினான்.

அத்தனை பேரும் வெட்டப்பட்டார்கள். உள்ளே இருந்த தூண்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். கோவிலை இடித்து மலஜலம் கழிக்கும் இடமாக்கினார்கள்.

பாகாலின் பக்தர்கள் அனைவரும் ஒரே கட்டடத்துக்குள் அடங்கினார்கள் என்கிறது கதை. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், பாகால் வழிபாடு அரண்மனையையும் அதன் சுற்றத்தையும் சார்ந்த ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். எண்பது ஆட்கள் ஒரு பகலில் முடித்துவிடக்கூடிய அளவுக்குச் சிறியது. தேசம் முழுவதும் ஊறிய ஒன்றை அப்படி முடிக்க முடியாது.

அடுத்த வசனங்களில் கதை ஒரு பெருமூச்சு விடுகிறது. பெத்தேலிலும் தாணிலும் இருந்த பொற்கன்றுகளை மட்டும் யெகூ விட்டு விலகவில்லை. ஒரு கோவிலையே கழிப்பிடமாக்கிய மனிதன் கன்றுகளைத் தொடவில்லை. ஏன்? பாகால் தோற்ற வம்சத்தின் தெய்வம். கன்று இப்போது அவனுடைய சிங்காசனத்தின் காவல். யெரொபெயாமுக்கு இருந்த அதே பயம் யெகூவுக்கும் இருந்தது: எருசலேமுக்குப் போகிற பாதையில் ஜனங்கள் நடந்தால், அவர்கள் மனமும் நடந்துவிடும்.

ஓசியா தன் மூத்த மகனுக்கு யெஸ்ரயேல் என்று பெயர் வைத்தார். யெகூ இரத்தம் சிந்திய பள்ளத்தாக்கின் பெயர் அது. அந்த இரத்தப்பழியை யெகூவின் வீட்டார்மேல் விசாரிப்பேன் என்று கர்த்தர் சொன்னதாக அறிவித்தார். ராஜாக்களின் புத்தகத்தில் பாராட்டும் வாங்கிய அந்தச் சுத்திகரிப்பு, ஒரு நூற்றாண்டு கழித்து இன்னொரு தேவமனிதரின் வாயில் குற்றமாக நிற்கிறது. வேதாகமத்துக்குள்ளேயே இந்த மறுவிசாரணை நடந்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

தோப்பு என்று நாம் படித்தது

பழைய தமிழ் வேதாகமத்தில் அசேரா என்ற பெயர் பல இடங்களில் தென்படாது. அங்கே தோப்பு, விக்கிரகத்தோப்பு, தோப்பு விக்கிரகம் என்று இருக்கும். மூலச் சொல்லை மரக்கூட்டம் என்று புரிந்துகொண்ட பழைய மொழிபெயர்ப்பு மரபின் விளைவு. சிறு வயதில் அதைப் படித்த நம்மில் பலர், ஆகாப் மாந்தோப்புப் போல எதையோ நட்டதற்கு இவ்வளவு கோபமா என்று குழம்பியிருப்போம். அசேரா கானானில் வணங்கப்பட்ட பெண்தெய்வம். அவள் பெயராலேயே அவளுக்குரிய மரத்தூணும் அழைக்கப்பட்டது.

யெகூ பாகாலின் கோவிலை இடித்தான். ஆனால் அவன் மகன் யோவாகாஸின் நாட்களிலும் அசேரா சமாரியாவில் நின்றதாக ராஜாக்களின் புத்தகம் ஒரு வரி சொல்லிப்போகிறது. பாகாலின் துணைவி என்றால் பாகாலோடு போயிருக்க வேண்டும். அவள் யாருடைய துணையாக அங்கே நின்றாள்?

விடை சீனாய்ப் பாலைவனத்தின் ஓரத்தில், குந்திலத் அஜ்ருத் என்ற ஒதுக்கிடத்தில் கிடைத்தது. வணிகரும் பயணிகளும் தங்கிப்போன சிறு நிலையம். 1975, 1976-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, கி.மு. 800-ஐ ஒட்டிய பெரிய சேமிப்புத் தாழிகளின்மேல் ஓவியங்களும் எழுத்தும் தெரிந்தன. கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு, யாழ் மீட்டும் உருவம். அவற்றோடு ஓர் ஆசீர்வாதம்: சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அசேராவாலும் உங்களை ஆசீர்வதிக்கிறேன்.

இதில் அசேரா என்பது தேவியா, அவளுடைய தூணா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தோன்றுவது முதல் பாதி. சமாரியாவின் யாவே. அதே இடத்தில், தெற்குப் பகுதியான தேமானின் யாவே என்றும் எழுதியிருக்கிறது. ஊருக்கு ஒரு யாவே. கேள் இஸ்ரயேலே, நம் கர்த்தர் ஒருவரே கர்த்தர் என்ற வசனம் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பது இந்தத் தாழியைப் பார்த்தபின் வேறு விதமாகக் கேட்கிறது.

எருசலேம் இதில் சுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது. மோசே செய்ததாகச் சொல்லப்பட்ட வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்டிவந்தார்கள். யூதாவின் அரசன் எசேக்கியா அதை உடைக்க வேண்டியிருந்தது. அவன் மகன் மனாசே அசேராவின் உருவத்தை ஆலயத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தான்.

தந்தமும் எண்ணெயும்

1931 முதல் 1935 வரை நடந்த கூட்டு அகழாய்வில் சமாரியா அரண்மனைப் பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான தந்தத் துண்டுகள் கிடைத்தன. கட்டில், நாற்காலி, பெட்டி ஆகியவற்றில் பதித்தவை. தாமரைமேல் அமர்ந்த குழந்தை ஹோரஸ், சிறகுள்ள மனிதத்தலைச் சிங்கம், ஈச்சமர ஓலை வடிவம். பெனிக்கியக் கைவண்ணம், எகிப்திய உருவங்கள். சில துண்டுகளின் பின்புறம் தச்சன் பொருத்துவதற்காகக் கீறிவைத்த எழுத்துகள்கூட இருக்கின்றன. எகிப்தின் தெய்வக்குழந்தை இஸ்ரயேல் பிரபுவின் கட்டிலில் அலங்காரமாய் இருந்தது. வணங்கினார்களா என்றால் அநேகமாய் இல்லை. அழகாயிருந்தது, விலை உயர்ந்தது, பதித்துக்கொண்டார்கள்.

ஆமோஸ் வந்து நின்றது இந்த அறைகளின் முன்னால்தான். யூதாவின் தெக்கோவாவில் மந்தை மேய்த்தவர், காட்டத்தி மரம் பராமரித்தவர். தந்தக் கட்டில்களில் படுத்து, மந்தையின் இளங்கன்றுகளைத் தின்று, கிண்ணம் கிண்ணமாய்த் திராட்சரசம் குடித்து, சிறந்த எண்ணெய் பூசிக்கொள்கிறவர்களே என்று அவர் சொன்னபோது மிகைப்படுத்தவில்லை. கட்டிலின் தந்தம் கிடைத்துவிட்டது. ரசமும் எண்ணெயும் எந்த ஊரிலிருந்து வந்தன என்ற சீட்டும் கிடைத்துவிட்டது. பழைய திராட்சரசம், சுத்திகரித்த எண்ணெய்: ஓடுகளில் இருப்பது ஆமோஸ் சொன்ன அதே இரண்டு பொருட்கள். அபிபாகாலும் சேபாவும் மலைச்சரிவில் மிதித்துப் பிழிந்தது, ஜாடி எண்ணி, தலைநகரத்தில் கத்தியாவின் கணக்கில் ஏறியது. அது வரியா, நிலக்குத்தகையா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. எதுவாயினும் ஜாடி நகர்ந்த திசை ஒன்றுதான்.

ஆமோஸ் வாயில் கன்றுக்குட்டி என்ற சொல் வழிபாட்டைக் குறித்து வருவதில்லை. சமாரியாவின் குற்றத்தின்மேல் ஆணையிடுகிறவர்கள் என்று ஓரிடத்தில் தொட்டுச் செல்கிறார், அவ்வளவே. அவர் பட்டியல் வேறு: நீதிமானை வெள்ளிக்கும், ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்கும் விற்றார்கள், ஏழையிடம் அடகாய் வாங்கிய வஸ்திரத்தை விரித்துப் பலிபீடத்தருகே படுத்தார்கள். இந்தக் கடைசி வரியை நிதானமாகக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். குளிருக்குப் போர்த்த ஒரே துணியை அடகு வைத்த மனிதன் இரவில் நடுங்குகிறான். அந்தத் துணி கடவுளின் சந்நிதியில் விரிக்கப்பட்டிருக்கிறது, மேலே பக்தர் சாய்ந்திருக்கிறார்.

பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா இதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் ஆமோசை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். அவன் சொன்ன காரணம்தான் இந்த முழு வழக்கின் முதுகெலும்பு: இங்கே தீர்க்கதரிசனம் சொல்லாதே, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், ராஜ்யத்தின் வீடு. கடவுளின் வீடு என்று பெயர் கொண்ட ஊரின் தலைமைப் பூசாரி, அது ராஜாவின் வீடு என்று தன் வாயால் ஒப்புக்கொண்டான். சமாரியாவின் விக்கிரகம் எது என்று என்னைக் கேட்டால் இந்த வாக்கியத்தைத்தான் காட்டுவேன். தங்கம் பூசிய கன்று அதற்குக் கண்ணுக்குத் தெரிந்த உருவம். கடவுள் அரசனின் சொத்தாகிவிட்டார். எது பேசலாம், எது பேசக்கூடாது என்று அவருக்கே அரண்மனை உத்தரவிட்டது.

ஓசியாவின் வலி இன்னும் நெருக்கமானது. பாகால் என்ற சொல்லுக்கு ஆண்டவன் என்றும் பொருள், கணவன் என்றும் பொருள். ஜனங்கள் யாவேயையே என் பாகாலே என்று அழைத்திருக்கிறார்கள். பானை ஓட்டில் பார்த்த அபிபாகாலும் மெரிபாகாலும் யாவேயை அப்படி அழைத்த குடும்பங்களில் பிறந்தவர்களாகவே இருக்கலாம். இனி நீ என்னை என் பாகாலே என்று சொல்லமாட்டாய், என் புருஷனே என்று சொல்வாய் என்று கர்த்தர் பேசுவதாக ஓசியா எழுதுகிறார். தானியத்தையும் ரசத்தையும் எண்ணெயையும் கொடுத்தவர் நான் என்று அவள் அறியாமற்போனாள் என்கிறார். விட்டுப்போன மனைவியைப் பற்றிப் பேசும் கணவனின் குரல் அது. நீதிபதியின் குரல் அதில் குறைவு.

எண்ணப்பட்ட தெய்வங்கள்

அசீரியர் மூன்று ஆண்டு முற்றுகையிட்டார்கள். ஐந்தாம் சல்மனேசர் தொடங்கியதை இரண்டாம் சர்கோன் தன் வெற்றியாக எழுதிக்கொண்டான். கி.மு. 722-க்கும் 720-க்கும் இடையில் நகரம் விழுந்தது. அசீரிய நகரமான நிம்ரூத்தில் கிடைத்த களிமண் பட்டகத்தில் சர்கோன் கணக்குச் சொல்கிறான்: 27,280 பேரையும், அவர்களுடைய ரதங்களையும், அவர்கள் நம்பியிருந்த தெய்வங்களையும் கொள்ளைப்பொருளாக எண்ணினேன்.

தெய்வங்கள் என்று பன்மையில் இருக்கிறது. உருவங்களின் பெயர் இல்லை. அசீரிய எழுத்தருக்கு அது தேவைப்படவில்லை. ஆள், ரதம், தெய்வம் என்று வரிசையாக எண்ணி முடித்துவிட்டார். கன்று அசீரியாவுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோகப்படும் என்று ஓசியா முன்பே சொல்லியிருந்தார்.

காலியான நகரங்களில் அசீரிய அரசன் பாபிலோன், கூத்தா, ஆமாத் முதலிய இடங்களின் மக்களைக் குடியேற்றினான். அவர்கள் தங்கள் தங்கள் தெய்வங்களோடு வந்தார்கள். சிங்கங்கள் அவர்களைக் கொன்றபோது, அந்தத் தேசத்துத் தெய்வத்தின் முறைமையைக் கற்பிக்கச் சிறைபோன ஆசாரியர்களில் ஒருவனைத் திருப்பியனுப்ப உத்தரவாயிற்று. அவன் வந்து பெத்தேலில் குடியிருந்தான் என்கிறது ராஜாக்களின் புத்தகம். அதே பெத்தேலில். அங்கே அவன் எதன் முன்னால் நின்று கற்பித்தான் என்று அது சொல்லவில்லை.

அதற்கும் நூறு ஆண்டு கழித்து யூதாவின் அரசன் யோசியா பெத்தேலுக்கு வந்து, யெரொபெயாம் கட்டியதை இடித்தான். பலிபீடத்தைத் தகர்த்தான். மேடையைச் சுட்டெரித்துத் தூளாக்கினான். அசேராவைக் கொளுத்தினான். கல்லறைகளிலிருந்து எலும்புகளை எடுத்துவந்து பலிபீடத்தின்மேல் எரித்தான். எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கன்றுக்குட்டியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை.